உலகம்மையின் மூன்றாவது ஜோடி

1

இந்தக் கதை ஒரு சிரிப்பில் ஆரம்பித்தது. சிரித்தவன் நான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மேலே எழுதக் கொஞ்சம் லேசாக இருக்கும்.

போன வருஷம், 1943, ஆனிக் கடைசி. குற்றாலத்தில் சாரல் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. பேரருவியில் குளித்துவிட்டு, தலையில் துண்டோடு, செண்பகாதேவி அருவிக்குப் போகிற மலைப்பாதையின் அடியில் நின்றிருந்தேன். மேலேயிருந்து ஒரு அம்மாள் இறங்கி வந்தார். நாற்பது வயதிருக்கும். சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிச் செருகியிருந்தார். தோளில் தோல் பை. காலில் பூட்ஸ். போலீஸ்காரர் போடுவதைப் போலக் கணுக்காலை மூடின, கனத்த, சேறு அப்பின பூட்ஸ்.

சுங்கடிச் சேலையும் பூட்ஸும். வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். அவர் காதில் விழுந்தது. நின்று என்னைப் பார்த்தார். முகத்தை அல்ல, காலை. நான் போட்டிருந்தது மதுரையில் வாங்கின புதுச் செருப்பு.

"பாத்து நில்லும். அந்தக் கல்லு வழுக்கும்" என்றார். போய்விட்டார்.

இரண்டு எட்டு வைத்தேன். விழுந்தேன்.

என்னைத் தூக்கி நிறுத்தியவன் குதிரை வண்டிக்காரன் குத்தாலிங்கம். "அந்தம்மாவப் பாத்தா சிரிச்சீரு? யாருன்னு தெரியுமாவே? உலகம்மை. தென்காசி ஆஸ்பத்திரி மருத்துவச்சி. அவுஹ இல்லன்னா எங்க வீட்டுல ரெண்டு உசிரு கெடையாது" என்றான்.

விழுந்ததில் இடுப்பு பதினைந்து நாள் வலித்தது. சிரித்தது இன்னும் வலிக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: "மலை அவளைப் பார்த்தது. அவளும் மலையைப்—" அடித்துவிட்டேன். மலை யாரையும் பார்ப்பதில்லை.

பிறகு இப்படி: "ஆதிகாலந்தொட்டு மனிதன் தன் பாதங்களைப் பேணும்பொருட்டு..." இது பள்ளிக்கூடத்துக் கட்டுரை. பத்து மார்க்குக்கு ஆறு போடலாம். கிழித்தேன்.

மூன்றாவதாக எழுதினது இது: "1937ஆம் வருஷம் மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமைக் காலையில், உலகம்மையைத் தேடி மலையிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார்." இது இருக்கட்டும். அழகில்லை. ஆனால் பொய்யும் இல்லை.

(ஒரு விஷயம். நேரில் அவரை நான் 'அவர்' என்றுதான் சொல்வேன். கதைக்குள்ளே 'அவர்' என்று எழுதினால் கூடவே நடக்க முடியவில்லை. இரண்டடி பின்னால் கைகட்டி வருகிற மாதிரி இருக்கிறது. ஆகவே கதைக்குள் 'அவள்', கதைக்கு வெளியே 'அவர்'. அவரிடம் கேட்டேன். "என்னமும் எழுதிக்கிடும்" என்றார்.)

3

1937ஆம் வருஷம் மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமைக் காலையில், உலகம்மையைத் தேடி மலையிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். பெயர் சுடலையாண்டி. செண்பகாதேவிக்கும் மேலே ஒரு ஏலக்காய்த் தோட்டத்தில் கங்காணி. கூலி ஆட்களைக் கவனிக்கிறவர். தோட்டத்தில் ஒரு பெண்ணுக்கு முந்தின நாளிலிருந்து வலி. பிள்ளை வரவில்லை.

மலைக்கு மேலே போக வேண்டும் என்று உலகம்மைக்கு எந்த உத்தரவும் கிடையாது. போகக் கூடாது என்றும் யாரும் சொன்னதில்லை. பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். அப்போது அவளுக்கு முப்பத்து நாலு வயது. அதுவரை நடந்ததெல்லாம் தென்காசித் தெருக்களிலும், மேலகரம், குத்துக்கல்வலசைப் பக்கத்து வண்டித் தடங்களிலும்தான்.

செண்பகாதேவி தாண்டினதும் செருப்பு வார் அறுந்தது. செருப்பைத் தூக்கி எறிந்துவிட்டு வெறுங்காலோடு ஏறினாள். முன்னால் போன சுடலையாண்டியும் வெறுங்கால்தான். ஆனால் அது மலையிலேயே கிடந்து தேய்ந்த கால். கல் அதற்கு வழிவிட்டது. உலகம்மையின் கால் ஊர்க்கால். ஒவ்வொரு கல்லும் அவளிடம் வரி கேட்டது. வேரில் இடித்துப் பெருவிரல் நகம் பெயர்ந்தது. விரலிடுக்கெல்லாம் அட்டை. மூன்று மணி நேரத்தில் ஏற வேண்டியதற்கு ஐந்து மணி நேரம் ஆயிற்று.

போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண் இறந்து அரை மணி ஆகியிருந்தது. வயிற்றுப் பிள்ளையும் போய்விட்டது.

உலகம்மை வாசலில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளேயிருந்து இறந்தவளின் தங்கை முப்பிடாதி வந்தாள். இருபது வயதிருக்கும். அழுது வீங்கின முகம். கையில் ஒரு சட்டி வெந்நீர். குனிந்து உலகம்மையின் காலைக் கழுவ ஆரம்பித்தாள்.

"நீ எதுக்குட்டி இதச் செய்யுத? விடு."

"ரத்தம் வருதுல்லா."

"உங்க அக்காவுக்கு என்னால ஒண்ணும்..."

"இதுக்கு முன்ன கீழ இருந்து யாருமே வந்ததில்லம்மா. நீங்க வந்தீஹ."

அப்போதுதான் உலகம்மை அவள் வயிற்றைக் கவனித்தாள். "உனக்கு எத்தன மாசம்?"

"நாலு."

மாசி, பங்குனி, சித்திரை என்று உலகம்மை விரல் மடக்கினாள். ஆடியில் வந்து நின்றது. ஆடி என்றால் சாரல். பாறையெல்லாம் பாசி. பாதையெல்லாம் தண்ணீர்.

நடக்க முடியாததால் இரண்டு ஆட்கள் அவளை நாற்காலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். வழி நெடுக அவள் விரல் மடக்கிக்கொண்டே வந்தாள்.*

* அப்போது மனசு எப்படி இருந்தது என்று கேட்டேன். "காலு வலிச்சிச்சு" என்றார். துக்கத்தைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதி வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன்.

4

உலகம்மையின் கணவர் நாறும்பூநாதன் தென்காசி ரயில்வே ஸ்டேஷனில் கொடி காட்டுகிற வேலை. அமைதியான மனிதர். மனைவி பூட்ஸ் வாங்க வேண்டும் என்றதும் கொஞ்ச நேரம் யோசித்தார்.

"பொம்பளைக்குன்னு பூட்ஸ் உண்டாட்டி?"

"காலுக்குன்னு உண்டுல்லா?"

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. கடைக்குக் கூடவே போனார்.

முதல் ஜோடி, பஜாரில் பழைய சாமான் விற்கிற துல்கர்னைன் கடையில் கிடைத்தது. ஐரோப்பா சண்டைக்குப் போய்த் திரும்பின யாரோ ஒரு சிப்பாய் விற்றது. தோல் இருபது வருஷமாகியும் கல் மாதிரி இருந்தது. அடியில் வரிசையாக இரும்பு ஆணி. "இது உங்க பேரன் காலம் வரைக்கும் ஒழைக்கும்மா" என்றார் துல்கர்னைன். அவர் சொன்னது நிஜம். ஆனால் உலகம்மைக்கு வேண்டியது பேரன் காலம் வரை உழைக்கிற பூட்ஸ் அல்ல, ஆடி மாதம் மூன்று மணி நேரத்தில் ஏறுகிற பூட்ஸ். அளவும் பெரிசு. முன்பக்கம் துணி திணித்துக்கொண்டு பங்குனியில் ஒரு நாள், முப்பிடாதியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று ஏறினாள். ஏறும்போது குதிகால் உரிந்தது. இறங்கும்போது விரல்கள் முன்னால் ஓடி ஓடி மோதின. ஈரப்பாறையில் இரும்பு ஆணி 'கிரீச்'சென்று வழுக்கிவிட்டது. முழங்கை சிராய்த்து வந்து சேர்ந்தாள்.

இரண்டாவது ஜோடி, நாறும்பூநாதன் ஒரு ரயில் கார்டு மூலமாக மதுரையிலிருந்து வரவழைத்த கேன்வாஸ் ஷூ. போட்டால் காலில் ஒன்றுமே இல்லாத மாதிரி லேசு. சித்திரையில் அதைப் போட்டுக்கொண்டு ஏறினாள். ஒன்றுமே இல்லாத மாதிரி என்பது சரியாகத்தான் இருந்தது. கூர்க்கல் எல்லாம் பாதத்தில் எண்ண முடிந்தது. கயிறு கோக்கிற ஓட்டை வழியாக அட்டை சாவகாசமாக உள்ளே போயிற்று. இரண்டாம் தடவையில் பக்கம் கிழிந்து விரல் வெளியே எட்டிப் பார்த்தது.

ஒன்று உழைத்தது, உறுத்தியது. மற்றொன்று சுகமாக இருந்தது, கிழிந்தது. இரண்டும் சேர்ந்து ஒரே ஜோடியில் கிடையாதா என்பதுதான் கேள்வி. (இந்த இடத்தில், வாழ்க்கையிலும் இப்படித்தானே என்று ஒரு வாக்கியம் எழுத வந்தது. எழுதவில்லை. நான் பூட்ஸைப் பற்றித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.)

வைகாசி பிறந்துவிட்டது.

5

அடுத்து வருகிற ஆளை எனக்குச் சரியாக எழுத வரவில்லை. பரீது. அவர் காலமாகி மூன்று வருஷம் ஆகிறது, நான் பார்த்ததில்லை. முதல் பிரதியில் வெள்ளைத் தாடியும் சாந்தமான கண்களும் வைத்து, மெல்லிய குரலில் பேசவிட்டிருந்தேன். உலகம்மை அம்மாள் படித்துவிட்டுச் சிரித்த சிரிப்பு, நான் அடிவாரத்தில் சிரித்ததற்குச் சரியாகப் போயிற்று.

"பரீது அண்ணாச்சிக்குத் தாடியே கெடையாது. மெதுவாப் பேசவும் வராது. கோவம்தான் ஒரு கடாப்பெட்டி நெறைய இருக்கும்."

சரி. தாடியை எடுத்துவிட்டேன். கோபத்தை வைத்துவிட்டேன்.

பரீதைக் கண்டுபிடித்தது உலகம்மைதான். ஒரு பிரசவத்துக்குக் குத்தாலிங்கத்தின் வண்டியில் போய்விட்டு இறங்கினபோது குதிரையின் கழுத்தைப் பார்த்தாள். மற்ற வண்டிக் குதிரைகளுக்கெல்லாம் கழுத்துப்பட்டை உரசி உரசிப் புண்ணாகி, ஈ மொய்க்கும். இந்தக் குதிரையின் கழுத்து பளபளவென்று இருந்தது.

"இதுக்கு மட்டும் ஏன்டே புண்ணு இல்ல?"

"பரீது அண்ணாச்சி தச்ச பட்டைம்மா. நாள் பூரா இழுத்தாலும் உராயாது."

அன்று சாயங்காலமே பரீதின் கடைக்குப் போய் நின்றாள். குதிரைச் சேணமும் வாரும் தைக்கிற கடை. பரீது தலையைத் தூக்கவில்லை.

"நான் குதிரைக்குத் தைக்கவன். பூட்ஸெல்லாம் தெரியாது."

"குதிரைக்குப் புண்ணு வராமத் தைக்கத் தெரியும்லா, அண்ணாச்சி?"

"தெரியும்."

"எனக்கும் அதான் வேணும்."

குத்தூசி நின்றது. இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த நிமிஷம் இது. பூட்ஸ் வேண்டும் என்று கடை கடையாக ஏறி இறங்கினவள், தனக்கு வேண்டியது பூட்ஸ் அல்ல, உராயாமல் ஒரு வேலையைச் செய்ய விடுகிற தோல் என்று கண்டுகொண்ட நிமிஷம். இதை நான் கற்பனை செய்யவில்லை. செய்திருந்தால் என்னை நானே மெச்சிக்கொண்டிருப்பேன்.

6

இங்கே ஒரு காட்சி எழுதியிருந்தேன்.

["பாதையைப் பார்க்காமல் தைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பரீது உலகம்மையோடு மலை ஏறினார். ஒவ்வொரு பாறையையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். செண்பகாதேவியில் அருவியின் முன்னே நின்று—]

"அவுஹளுக்கு மூச்சிரைப்பு. வீட்டுப் படி ஏறவே ரெண்டு தடவ நிப்பாஹ" என்றார் உலகம்மை அம்மாள். ஆகவே அந்தக் காட்சி போயிற்று. நடந்தது அதைவிட நன்றாக இருக்கிறது.

"பழைய ரெண்டு ஜோடியும் கொண்டா. கழுவாமக் கொண்டா" என்றார் பரீது.

சேறு காய்ந்த இரண்டு ஜோடியையும் மடியில் வைத்துக்கொண்டு, வைத்தியர் நாடி பார்க்கிற மாதிரி வெகு நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இரும்பாணி பூரா முன்னால தேஞ்சிருக்கு. வழுக்கி வழுக்கித் தேஞ்ச தேய்ப்பு இது. பாறையில இரும்பு நிக்காது, ரப்பர்தான் நிக்கும். இந்தத் துணிச் செருப்புல அடி தேயவே இல்ல, பக்கந்தான் கிழிஞ்சிருக்கு. வேருலயும் கல்லுலயும் மாட்டி இழுத்திருக்க. அங்கன தோலு ரெண்டு மடிப்பு வேணும்."

மலை ஏறாமலே மலையைப் படித்துவிட்டார்.

மறுநாள் காலையில் அளவு கொடுக்கப் போனவளைத் திருப்பி அனுப்பினார். "சாயங்காலம் வா. நாள் பூரா நின்னு வீங்கின காலுதான் மலையில நடக்கிற காலு. பையையும் தோள்ல மாட்டிட்டு வா. உம் வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வா."

கணவரை ஏன் கூப்பிட்டார் என்பது சாயங்காலம் தெரிந்தது. அவள் காலைத் தொட்டு அளக்கப் பரீதுக்குக் கூச்சம். நூலை நாறும்பூநாதன் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்று அதட்டினார்.

"பெருவிரல் மூட்டச் சுத்திப் புடியும். இறுக்காதயும்வே, கயிறு திரிக்கவா சொன்னேன்? இப்பம் எடது காலு."

"வலதுல எடுத்தாச்சுல்லா?"

"ரெண்டும் ஒண்ணுன்னு யாரு சொன்னா ஒமக்கு? எடும்."

எடுத்தார். கால்வாசி விரற்கடை வித்தியாசம். நாறும்பூநாதன் அதிசயமாக மனைவியை நிமிர்ந்து பார்த்தார். "பதினாலு வருசமா இந்தக் காலப் பாக்கேன். எடது காலு பெருசுன்னு இன்னைக்குத்தான் தெரியுது."

"அதுக்கு முன்ன நீங்க எப்பம் குனிஞ்சீஹ?" என்றாள் உலகம்மை. அதட்டிக்கொண்டிருந்த பரீதுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

விரலுக்கு முன்னால் ஒரு விரற்கடை இடம் விட்டார். இறங்கும்போது விரல்கள் முன்னே ஓடும், அவற்றுக்கு இடம் வேண்டும் என்றார். கயிற்றுக்குக் கீழே இருக்கிற நாக்குத் தோலை இரண்டு பக்கமும் சேர்த்தே தைத்தார். அட்டை உள்ளே போக வேண்டுமென்றால் இனி கணுக்கால் வரை ஏறித்தான் போக வேண்டும். அடிக்குப் பழைய பஸ் டயர். மெழுகு பூசின நூலால் இரட்டைத் தையல்.

ஒன்பதாவது நாள் போட்டுப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. நாலு எட்டு நடக்கவிட்டுப் பரீது முகத்தைச் சுளித்தார்.

"குதி தூக்குது."

"கொஞ்சந்தான அண்ணாச்சி. பரவால்ல."

"இங்கன கொஞ்சம். ரெண்டு மணி நேரம் ஏறு, அந்தக் கொஞ்சம் உந்தோல உரிச்சுக் கையில குடுத்துரும். கழத்து."

கழற்றினாள். அவள் கண்ணெதிரே கத்தியை எடுத்து ஒன்பது நாள் வேலையைப் பிரித்துப் போட்டார். மறுபடியும் ஆறு நாள். இந்தத் தடவை குதிகால் அசையவில்லை. சிற்றாற்றங்கரையில் பாசி பிடித்த துவைகல்லின் மேல் ஏறி நிற்கச் சொன்னார். நின்றாள். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். நின்றாள்.

7

"நாளைக்கே ஏறிப் பாக்கட்டா?" என்று கேட்டாள்.

"மூச்! புதுத் தோலு. காலுக்கு அது பழகணும், அதுக்குக் காலு பழகணும். ஒரு மாசம் ஊருக்குள்ள போட்டு நட. பொறவு மல."

இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது. மலையில் யார் பார்க்கப் போகிறார்கள்? கல்லும் குரங்கும். தென்காசியில் ரத வீதி இருக்கிறது. சந்தை இருக்கிறது. பிரசவ வீடுகளில் பத்துப் பெண்கள் கூடியிருப்பார்கள். 1937இல் ஒரு குடும்பப் பெண் சேலைக்குக் கீழே பூட்ஸ் போட்டுக்கொண்டு டக் டக்கென்று கோயில் வாசலைக் கடந்து போவது என்றால் என்ன என்று வாசகர் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

போட்டாள். ஆனி மாதம் முப்பத்திரண்டு நாளும் போட்டாள். முதல் நாள் சந்தையில் ஒருவன் விறைப்பாக நின்று சலாம் வைத்தான். கூட்டம் சிரித்தது. இரண்டாம் வாரம் ஒரு வீட்டில், "பூட்ஸ் போட்டவ எங்க வீட்டுப் பிரசவத்துக்கு வேண்டாம்" என்று வாசலிலேயே சொல்லிவிட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

மறுநாள் டியூட்டிக்குக் கிளம்புமுன் நாறும்பூநாதன் ஒரு பழந்துணியில் வேப்பெண்ணெயைத் தொட்டு அந்தப் பூட்ஸின் தையலெல்லாம் துடைத்து, வாசலில், தெருவைப் பார்க்க, ஜோடியாக வைத்துவிட்டுப் போனார்.

அவள் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

நான் 1943இல் சிரித்தேன். ஆறு வருஷம் பிந்தின சிரிப்பு. அதற்குள் அவர் எல்லாச் சிரிப்பையும் வாங்கி முடித்திருந்தார். அதனால்தான் என் முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்க்க அவருக்கு முடிந்தது.

8

ஆடி எட்டாம் தேதி விடிந்து வெயில் வராத நேரம். நனைந்து நடுங்கிக்கொண்டு சுடலையாண்டி வாசலில் நின்றார்.

"முப்பிடாதிக்கு வலி கண்டிருக்கும்மா. மேல பேய் மழை. எப்பிடிக் கூப்பிடன்னே தெரியல..."

உலகம்மை ஏற்கெனவே கயிறு கட்டிக்கொண்டிருந்தாள்.

குற்றாலம் வரை குத்தாலிங்கத்தின் வண்டி. பிறகு நடை. செண்பகாதேவி வரை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மழைத்தண்ணீர் பாதையிலேயே ஓடி வந்தது. பாறையில் டயர் பிடித்தது. வேரில் தோல் தாங்கியது. மாசியில் முன்னால் போய்ப் போய்க் காத்து நின்ற சுடலையாண்டி இப்போது பின்னால் வந்தார். "செத்த பைய போங்கம்மா" என்று இரண்டு தடவை சொன்னார்.

தோட்டத்துக்கு ஒரு மைல் இருக்கும்போது ஓடை. (என் பிரதியில் மார்பளவு வெள்ளம் என்று எழுதியிருந்தேன். உலகம்மை அம்மாள் பென்சிலால் அடித்து 'முழங்கால்' என்று எழுதிவிட்டார். பக்கத்திலேயே சின்னதாக, 'ஆனால் ஓட்டம் சாஸ்தி.')

"வடியட்டும்மா. ஒரு மணி நேரம் பாப்போம்" என்றார் சுடலையாண்டி.

"முப்பிடாதி ஒரு மணி நேரம் பாப்பாளா?"

பையைத் தலையில் வைத்துத் துண்டால் கட்டிக்கொண்டாள். சுடலையாண்டியின் கம்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். பதினோரு எட்டு. ஆறாவது எட்டில் காலடியில் ஒரு கல் உருண்டது. இடது கால் இரண்டு பாறைக்கு நடுவே போய்ச் சிக்கிக்கொண்டது. தண்ணீர் உடம்பை ஒரு பக்கமாகத் தள்ளியது. வெறுங்காலாக இருந்தால் கணுக்கால் முறிந்திருக்கும். இரண்டு மடிப்புத் தோல் பாறையின் நெரிப்பைத் தான் வாங்கிக்கொண்டது. அவள் மூச்சைப் பிடித்து, குதிகாலைத் திருகி, காலை உருவி எடுத்தாள். மிச்சம் ஐந்து எட்டு.

மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு.

9

இப்போது வருவதை எழுதத் தயக்கமாக இருக்கிறது. பூட்ஸ் கதையில் இப்படி நடந்தது என்றால் நான் வேண்டுமென்றே செய்தேன் என்பீர்கள். ஆனால் நடந்தது இதுதான்: உலகம்மை வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு, கைகழுவி உள்ளே போய்ப் பார்த்தபோது, பிள்ளை தலைகீழாக இல்லை. முதலில் வந்திருந்தது ஒரு கால்.

"வந்துட்டீஹளாம்மா" என்றாள் முப்பிடாதி. அந்த நிலைமையிலும் அவள் கண் உலகம்மையின் பாதத்துக்குப் போயிற்று. ரத்தம் இல்லை.

"வந்துட்டேன். இனி நான் சொல்லுத வரைக்கும் முக்காத. நான் சொன்னா மட்டும் முக்கு."

அடுத்த ஒரு மணி நேரத்தைப் பற்றி எழுத எனக்கு அறிவில்லை, கேட்டும் பார்த்தேன். "மெதுவா இருக்கணும். இழுக்கக் கூடாது. அவ்ளோதான்" என்றார். அரை மணி பிந்தியிருந்தால்? "அக்கா மாதிரித்தான்" என்றார்.

ஆண் பிள்ளை. அழ ஒரு நிமிஷம் எடுத்துக்கொண்டான். தாயும் பிழைத்தாள்.

பிள்ளையைத் துடைத்துக் கொடுத்து, முப்பிடாதிக்குக் கஞ்சி புகட்டி, ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு வெளியே வந்தாள். பூட்ஸைக் காணோம். பக்கத்துக் குடிசையிலிருந்து மூன்று பெண்கள் வந்தார்கள். நடுவில் இருந்தவள் பூட்ஸை இரண்டு கையிலும் ஏந்தி வந்தாள்.

"தெப்பமா நனைஞ்சி கெடந்துச்சும்மா. அடுப்புப் பக்கத்துல வச்சுத் திருப்பித் திருப்பிக் காய வச்சோம். நல்லாக் காஞ்சிருச்சு."

நனைந்த தோலை நெருப்பில் காட்டினால் செத்துப்போகும். உலகம்மைக்குத் தொட்டதுமே தெரிந்துவிட்டது. தோல் சுருங்கி, பலகையாக விறைத்து, இடது பக்கம் வெடித்திருந்தது. ஒரு மாத அவமானமும் பரீதின் பதினைந்து நாளும் அந்த அடுப்பில் போயிருந்தன. மூன்று பெண்களும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அடேயப்பா" என்றாள் உலகம்மை. "இவ்வளவு கதகதன்னு நான் போட்டதே இல்ல."

போட்டுக்கொண்டாள். விரலை நெரித்தது. குடிசைகள் கண்ணுக்கு மறைகிற வரை நொண்டாமல் நடந்தாள். பிறகுதான் ஒரு பாறையில் உட்கார்ந்து கழற்றினாள். கூட வந்த சுடலையாண்டி எல்லாவற்றையும் பார்த்தார். தன் தலைத்துண்டை இரண்டாகக் கிழித்து அவள் காலில் சுற்றிக்கட்டினார்.

பரீது பூட்ஸைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். "எந்த மடப்பய தீயில வச்சான்?"

"அந்தப் பொம்பளையள்தான் அண்ணாச்சி. எனக்குப் பதிலுக்கு என்ன செய்யன்னு தெரியாம, காய வச்சுக் குடுத்தாஹ."

பரீது உட்கார்ந்தார். வெடித்த இடத்தை விரலால் தடவினார். கோபம் எங்கோ போய்விட்டது.

"பிள்ளை?"

"நல்லா இருக்கான்."

"அளவு இருக்கு எங்கிட்ட. இப்பம் எங்க எங்க விட்டுக் குடுக்கணும்னும் தெரியும். பத்து நாள் ஆகும்." குத்தூசியை எடுத்தார். "அதுவரைக்கும் மலையில எவளும் பெறாமப் பாத்துக்கோ."

10

அதற்குப் பின் ஏழு வருஷம். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை மலை. அந்தத் தோட்டத்தில் இதுவரை முப்பத்தொன்பது பிரசவம். இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. தாய் ஒருத்தி கூடப் போகவில்லை.

கதையை இங்கே நிறுத்தியிருக்கலாம். போன வாரம் உலகம்மை அம்மாளுக்கு மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பாளையங்கோட்டையில் பெரிய ஆஸ்பத்திரி, தலைமை மருத்துவச்சி வேலை, வீடு தருவார்கள். சம்மதமா இல்லையா என்று வியாழக்கிழமைக்குள் எழுத வேண்டும். அவருக்கு நாற்பத்தொரு வயது. முழங்கால் வலிக்க ஆரம்பித்திருக்கிறது. பாளையங்கோட்டை ஒரே சமவெளி.

கையெழுத்துப் பிரதியோடு நேற்று அவர் வீட்டுக்குப் போனேன். நாறும்பூநாதனும் இருந்தார்.

"முடிவுல என்ன எழுதியிருக்கீரு?" என்று கேட்டார் உலகம்மை அம்மாள்.

"மூணு எழுதியிருக்கேன்."

"மூணா? வாசியும்."

முதலாவதில் அவர் பாளையங்கோட்டைக்குப் போகிறார். அங்கே வருஷம் ஐம்பது பெண்களுக்குத் தொழில் சொல்லிக் கொடுக்கிறார். அவர்களில் யாரோ சிலர் வேறு ஏதேதோ மலைகளில் ஏறுகிறார்கள். இரண்டாவதில் கடிதத்துக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டுச் செவ்வாய்க்கிழமை மலைக்குக் கிளம்புகிறார். மூன்றாவதில் தோட்டத்திலேயே ஒரு பிரசவ அறை கட்டுகிறார்கள். மூன்றாவது எனக்கே நம்பிக்கை இல்லாமல் எழுதினது.

கேட்டு முடித்துவிட்டுப் பிரதியைக் கையில் வாங்கிக்கொண்டார். "மூணும் நல்லாத்தான் இருக்கு. மொத முடிவுல, முப்பிடாதி அடுத்த மாசம் பெறப்போறாளே, அவளுக்கு யாரு போறா?"

நான் அதை எழுதவில்லை.

"ரெண்டாவதுல, அந்த அம்பது பேருக்கு யாரு சொல்லிக் குடுக்கா?"

அதையும் எழுதவில்லை.

அந்தச் சமயம் வாசலில் ஆள் சத்தம். மேலகரத்திலிருந்து, தலைப்பிரசவம். அவர் பிரதியை என் மடியில் வைத்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டார்.

நாறும்பூநாதன் எனக்குக் காப்பி ஆற்றிக் கொடுத்தார். "நீங்க என்ன நெனைக்கீங்க, அண்ணாச்சி? எதை எழுதட்டும்?" என்று கேட்டேன்.

"எனக்கு எங்க மாத்தல் கேக்கணும்னு மட்டும் சொன்னாப் போதும்வே" என்றார். "ரயிலு எல்லா ஊருக்கும் போகும்."

இன்றைக்குச் செவ்வாய். வியாழக்கிழமைக்குள் அந்தக் கடிதத்துக்குப் பதில் போயிருக்கும். பத்திரிகை உங்கள் கைக்கு வரும்போது அது பழைய சேதி. நான் கேட்டுத் தெரிந்துகொண்டு கடைசிப் பக்கத்தைச் சேர்க்கலாம். சேர்க்கப் போவதில்லை. உங்களுக்கு ஒரு முடிவு வேண்டுமென்றால் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் எழுதுமுன் ஒரு தடவை செண்பகாதேவி தாண்டி அந்த ஓடை வரை ஏறிவிட்டு வாருங்கள். பதினோரு எட்டையும் வைத்துப் பார்த்தவர் எழுதுகிற முடிவு எதுவானாலும், அதற்குக் கீழே என் பெயரைப் போட எனக்குச் சம்மதம்.